அளப்பவளுக்குத் தெரியக் கூடாது

தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்கியிருக்கிறேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் புனேயில் நான் பார்த்த வேலை அதுதான். நான் பிசியோதெரபிஸ்ட். ஒரு மருத்துவக் கல்லூரியில், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் உள்ளவர்களுக்குப் பளு தூக்கும் பயிற்சி கொடுத்து என்ன ஆகிறதென்று பார்க்கும் ஆய்வில் என்னைச் சேர்த்திருந்தார்கள். எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்வோம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே புத்தி கெட்டுப்போய் மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிற நரம்புகளின் மேலுறையைக் கடித்துவைக்கும் நோய் அது. எங்கே கடிக்கிறதோ அதைப் பொறுத்துக் கால் இழுக்கும், கண் மங்கும், கை மரத்துப்போகும். எல்லோருக்கும் பொதுவானது களைப்பு.

களைப்பாக இருக்கிறதா, அப்படியானால் படுத்துக்கொள், எதையும் தூக்காதே என்று முன்பெல்லாம் டாக்டர்களே சொல்லி அனுப்பினார்கள். இப்போது அந்தப் பேச்சு மாறிவிட்டது. முறையாகப் பளு தூக்கினால் தசை வலுப்படுகிறது, அதனால் நோய் கூடுவதாகத் தெரியவில்லை என்று பல ஊர்களில் பார்த்துவிட்டார்கள். நம் ஊர் வெயிலில், நம் ஆட்களுக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்பதுதான் எங்கள் கேள்வி.

வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே பளுப் பயிற்சி. மறு பாதி வழக்கம்போலக் கை கால் நீட்டும் பயிற்சியைச் செய்துகொண்டு காத்திருக்க வேண்டும். கடைசி அளவெடுப்பு முடிந்த பிறகு அவர்களுக்கும் பளு உண்டு. ஆரம்பத்திலும் கடைசியிலும் எல்லோருடைய கால் வலுவையும் நடையையும் அளப்பது என் வேலை. யார் எந்தப் பாதி என்பது மட்டும் எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், பளு தூக்கியவரிடம் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று என் குரல் என்னை அறியாமல் ஏறிவிடும். அதனால் பயிற்சி நடக்கும் கீழ்த்தளத்தில் நான் கால் வைக்கக் கூடாது. பின்பக்கப் படி வழியாக ஏறிப்போய் மேலே என் அறையில் உட்கார்ந்திருப்பேன். மதியச் சாப்பாடும் அங்கேயே, தனியாக.

ஆனால் நம் ஜனங்களால் ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்திருக்க முடியுமா? ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் பால்பேடா பெட்டியோடு வந்து, “தாயி, எனக்கு இப்போது...” என்று மராத்தியில் ஆரம்பித்தார். தாயி என்றால் இங்கே அக்கா. அவருக்கு நான் அக்கா இல்லை, மகள் வயது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “சாங்கு நகா!” என்று கத்தினேன், சொல்லாதீங்க என்று. மனிதர் பயந்துபோய் பேடாவை மேஜையில் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் நடந்து காட்டினார். கோபக்காரி என்று எனக்கு அந்தக் கட்டடத்தில் பெயர் உண்டு. அந்தப் பெயர் வேலைக்கு உபயோகமாகத்தான் இருந்தது.

இன்னொரு சௌகரியமும் எனக்கு இருந்தது. நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணம் செய்துகொண்டது மராத்திக் குடும்பத்தில். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் அவர்கள் வீட்டுப் பெயர், முகத்தில் பாதியை மறைக்கும் மாஸ்க், வாயில் மராத்தி. என்னைத் தமிழ்ப் பெண் என்று அங்கே யாரும் நினைத்ததில்லை. அளவெடுக்கும்போது சொல்ல வேண்டிய வாக்கியங்களை மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடப் பேசக் கூடாது. தமிழ் அந்தச் சுவரில் இல்லை, அதனால் தமிழ் எனக்குத் தெரியாது. அப்படித்தான் நான் வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாவும் மகளும் முதல் அளவெடுப்புக்கு வந்தபோது நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன். மகளுக்கு முப்பதைத் தாண்டிய வயது, மென்பொருள் கம்பெனியில் வேலை. கோயம்புத்தூரிலிருந்து வந்து கணவனோடு புனேயின் கோந்த்வா பகுதியில் குடியிருந்தாள். நோய் வந்த பிறகு அம்மாவும் வந்து கூடவே தங்கிவிட்டார். அந்த அம்மா மகளின் கையில் எதையும் இருக்கவிடவில்லை. பையைப் பிடுங்கினார், தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கினார், கடைசியில் போனையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இந்தப் புள்ளைக்குச் சிரிக்கவே தெரியாதாட்ட இருக்குது கண்ணு. கட்டிக்கிட்டவன் பாவம்” என்றார்.

மாஸ்க் இருந்ததால் தப்பித்தேன். புனேயில் இருக்கிற தமிழர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. பஸ்ஸில், காய்கறிக் கடையில், லிஃப்டில், நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு வீட்டுக்குள் பேசுவதையெல்லாம் சத்தமாகப் பேசுவோம். தமிழுக்குக் கதவு போட்டுப் பூட்டிய மாதிரி ஒரு நினைப்பு. நானும் என் அண்ணனோடு போனில் அப்படித்தான் பேசுவேன். எனக்கு வீட்டில் மராத்தி, வேலையில் மராத்தி. அந்தக் கொங்குத் தமிழ் காதில் விழுந்தபோது மனசு குளிர்ந்துபோனது, அதை மறைப்பானேன்.

மகள் அன்றைக்கு அம்மாவிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. “வீட்டுல ஒரு குக்கரத் தூக்க உடறியா நீ? இவிங்களாச்சும் எங்கிட்ட ஒரு எடையக் குடுத்து, இந்தா தூக்குங்கறாங்களே. நா தூக்கித்தான் பாக்கப் போறேன்.” குலுக்கல் அதற்குப் பிறகுதான் நடந்தது. அவளுக்கு எந்தப் பாதி விழுந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

கடைசி அளவெடுப்புக்கு அவர்கள் வந்தது மே மாதம், உச்சி வெயிலில். கோந்த்வாவிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தார்கள். மகள் வாசலில் நுழையும்போதே எனக்கு ஏதோ உறுத்தியது. நேராகப் பார்க்காமல் தலையை முழுசாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெயில் களைப்பு என்று நினைத்து, ஏசியைக் கூட்டிவிட்டு, கால் வலு அளக்கும் நாற்காலியில் அவளை உட்காரவைத்தேன். தொடையையும் கணுக்காலையும் பட்டையால் கட்டிவிட்டு, முழு பலத்தோடு உதைக்கச் சொல்ல வேண்டும். நான் குனிந்து கணுக்கால் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

“கண்ணு, வலது கண்ணுல இன்னும் பொகையாட்டத்தான் தெரியுதா? இவிங்ககிட்டச் சொல்லீரலாம் சாமி.”

“அம்மா, சித்தெ வாய மூடு. சொன்னா இன்னிக்கு அளக்கமாட்டாங்க. அளக்காட்டி அடுத்த வாரம் வெயிட்டு குடுக்கமாட்டாங்க. இத்தன மாசமா சும்மா கையக் கால நீட்டிக்கிட்டுக் காத்துக் கெடந்தது எதுக்கு?”

“கண்ணத் திருப்புனா வலிக்குதுங்கற...”

“ஆட்டோவுல வந்த சூடு. நீ மொகத்த அப்படி வெச்சுக்காத. இந்தப் பொம்பளைக்கு ஒன்னும் புரியாது.”

“முந்தாநேத்து மங்குச்சே, அன்னிக்கும் ஆட்டோவுலயா போன?”

பட்டை என் கையில் அப்படியே நின்றது. ஒரே மூச்சில் இரண்டு விஷயம் என் தலையில் இறங்கிவிட்டது. அவள் காத்திருக்கும் பாதி. அது எனக்குத் தெரியக் கூடாதது. இரண்டாவது, அவளுடைய வலது கண். திருப்பினால் வலி, முந்தாநாளிலிருந்து புகை. எம்.எஸ். பார்த்துப் பழகினவர்களுக்கு இதைவிடச் சொல்லத் தேவையில்லை. நோய் மறுபடி அடித்திருக்கிறது, இந்தத் தடவை கண் நரம்பில். ஆஸ்பத்திரியில் சேர்ந்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டியவள், அதை ஒளித்துவைத்துக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

என்ன செய்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. புதிதாக எந்தத் தொந்தரவு வந்தாலும் ஆய்வை நடத்தும் டாக்டருக்கு உடனே சொல்லியாக வேண்டும். எப்படிச் செய்வது என்பதில்தான் தடுமாறினேன். எனக்குத் தமிழ் தெரியும் என்று இந்த நிமிடம் சொன்னால் அவள் எழுந்து ஓடிவிடக் கூடும். ஓடினால் எங்கே போய்ப் பிடிப்பது? மெஷினில் கோளாறு, அசையாமல் உட்கார்ந்திருங்கள் என்று இந்தியில் சொல்லி, பட்டைகளை அவிழ்த்துவிட்டு, நடைக்கூடத்துக்கு வந்து டாக்டருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். வெளிநோயாளிகள் நேரம், எடுக்கவில்லை. நரம்பியல் பிரிவு நர்ஸைப் பிடித்து, அங்கே இருக்கிற டாக்டரை என் அறைக்கு அனுப்பு, அவசரம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கதவைத் திறந்தால் நாற்காலி காலி. அவள் எழுந்து, நடை அளப்பதற்காகத் தரையில் ஒட்டியிருந்த பட்டைக் கோட்டின் மேல் தானாக நடந்து பழகிக்கொண்டிருந்தாள். வலது காலின் முன்பாதம் தரையைத் தேய்த்தது. கோட்டை விட்டு விலகி விலகி வலப்பக்கமாகப் போனாள். அந்தப் பக்கம் ஒரு இரும்பு ஸ்டூல் கிடந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

“ஏ நில்லுங்க! அங்கன ஸ்டூல் கெடக்கு!”

அசல் திருநெல்வேலிக் குரல். எங்கிருந்துதான் வந்ததோ. அவள் நின்றாள். ஸ்டூலின் விளிம்புக்கும் அவள் முழங்காலுக்கும் இடையில் ஒரு சாண் கூட இல்லை.

அம்மாவின் கை அப்படியே வாய்க்குப் போனது. “நீங்க... தமிழுங்களா?”

மகள் மெதுவாகத் திரும்பினாள். “அப்ப எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா? முன்ன வந்தப்பவும்? எங்களுக்குள்ள பேசறத ஒட்டுக் கேப்பீங்களா?”

“ஒட்டுக் கேக்க நான் என்ன கதவுக்குப் பின்னாலயா நின்னேன்? ஒங்க காலடியில குனிஞ்சிருந்தேன்” என்றேன். எனக்கும் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “மொதல்ல ஒக்காருங்க. கண்ணுல நோவை வச்சிக்கிட்டு இது என்ன வெளையாட்டு?”

அவள் உட்கார்ந்தாள். கோபம் போய்க் கெஞ்சல் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “அளந்துருங்க. பத்தே நிமிசம். அளந்து முடிச்சுட்டீங்கன்னா நானே டாக்டருகிட்டப் போறேன். உங்களுக்குத் தெரியாத மாதிரியே இருந்துருங்க. இது வெயில்தானுங்க. சூடு பட்டா எனக்கு எப்பவும் இப்படித்தான் மங்கும்.”

அவள் சொன்னதில் பாதி நிஜம் இருக்க முடியும். எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடம்பு சூடானால் பழைய தொந்தரவெல்லாம் தலைகாட்டும்; குளிர்ந்ததும் தானாக அடங்கிவிடும். அது நோய் கூடுவது இல்லை. இது அதுவாக இருந்துவிடக் கூடாதா என்று எனக்கும் இருந்தது. நரம்பியல் டாக்டர் வரும்வரை குளிர்வித்துப் பார்ப்போம் என்று, ஏசியை இன்னும் கூட்டி, துண்டை நனைத்துப் பிழிந்து அவள் கழுத்தில் போட்டேன். கண் நரம்பு அடிபட்டால் முதலில் சிவப்புதான் மங்கும் என்பதால், என் தண்ணீர் பாட்டிலின் சிவப்பு மூடியைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“வலது கண்ணப் பொத்திக்கிட்டுச் சொல்லுங்க. என்ன நெறம்?”

“செவப்பு.”

“இப்ப இடது கண்ணப் பொத்துங்க.”

அவள் மூடியை நோக்கி முகத்தை நீட்டினாள். பிறகு, “செங்கல் பொடியாட்ட” என்றாள்.

காத்திருந்தோம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்தச் சின்ன அறையில் இருந்தோம். அம்மா அழவில்லை. சேலைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். துண்டு வெதுவெதுப்பானதும் மறுபடி நனைத்துப் போட்டேன். அவள் உதடு குளிரில் வெளுத்துவிட்டது. மூடியைக் காட்டினேன். செங்கல் பொடி. இன்னொரு தடவை காட்டினேன். “அதேதான்” என்றாள். அதற்கப்புறம் அவள் வெயில் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

நரம்பியல் டாக்டர் வந்து கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். காலைத் தட்டிப் பார்த்தார். கண் நரம்பில் வீக்கம், காலும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, புதிய தாக்குதல்தான், இன்றைக்கே சேர்த்து ஸ்டீராய்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும் என்றார். சக்கர நாற்காலி வந்தது. வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “உங்களுக்கு என்ன, ஒரு ஆள் போனா இன்னொரு ஆள அளப்பீங்க. எனக்கு இருந்தது ஒரே ஒரு சான்ஸு.”

அந்த வார்த்தை என்னைக் குத்திவிட்டது.

அன்று மாலை ஆய்வை நடத்தும் டாக்டரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் எந்தப் பாதி என்று எனக்குத் தெரிந்துவிட்டது, இனி அவளை நான் அளக்க முடியாது என்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். “அவளுடைய பளுப் பயிற்சி போய்விட்டதா?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏன் போக வேண்டும்? நடுவில் விலகினாலும் சரி, நோய் அடித்தாலும் சரி, காத்திருந்தவர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுத்தே தீருவோம், நரம்பியல் டாக்டர் சரியென்று சொன்னால் போதும் என்றார். சேரும்போதே எல்லோருக்கும் விளக்கிச் சொல்லியிருக்கிறோமே என்றும் சொன்னார்.

சொல்லியிருப்பார்கள். மூன்று மொழியில் சொல்லியிருப்பார்கள். இப்படி ஒரு நோயோடு ஒரு மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன காதில் ஏறும்? அந்த அம்மாவுக்கோ அந்த மூன்றில் ஒன்றும் முழுசாகத் தெரியாது. பறிபோகாத ஒன்றுக்காக ஒரு பெண் கண்ணைப் பணயம் வைத்திருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டாக்டர் அறைக் கதவை அறைந்து சாத்திவிட்டேன். மறுநாள் அதற்கு மன்னிப்பும் கேட்டேன், அது வேறு.

நேராக வார்டுக்கு ஓடினேன். மகள் சொட்டு மருந்தோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கச் செய்தியைச் சொன்னேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

“வேண்டாமுங்க” என்றார்.

“என்னம்மா வேண்டாம்?”

“எதுவுமே வேண்டாமுங்க. இந்த மருந்து முடிஞ்சதும் ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். சும்மா கையக் கால நீட்டுனதுக்கே கண்ணு போச்சு. வெயிட்டத் தூக்குனா என்ன போகுமோ. மாப்பிள்ளைகிட்டவும் சொல்லீட்டேன். அவ எம்புள்ள. படுத்துக்கிட்டே இருந்தாலும் பரவாயில்ல, நா பாத்துக்குவேன்.”

அவர் சொன்ன விதத்தில் முரட்டுத்தனம் எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. கண்ணுக்கு எதிரே நடந்ததை வைத்து அவர் போட்ட முடிச்சு அது, அதை அவிழ்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இனி அவளுடைய அளவுகள் என் பொறுப்பு இல்லை, சுவரில் மாட்டிய வாக்கியங்கள் எனக்கு இல்லை, தமிழில் பேசலாம். ஆனால் பேசத் தெரிய வேண்டுமே. எனக்குத் தெரிந்தது ஒரே வழி.

“இத்தன வருசமா ஓய்வுலதான வச்சிருந்தீங்க? ஒரு பாத்திரத்தத் தூக்க விட்டீங்களா? அந்த ஓய்வு இந்தக் கண்ணக் காப்பாத்துச்சா?”

அவர் விசும்ப ஆரம்பித்தார். சொன்ன வேகம் எனக்கே அதிகமாகப் பட்டது. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பளு தூக்கினா எல்லாம் சரியாயிரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்மா. எங்க ஆய்வே இன்னும் முடியல. இந்த நோவு வரணும்னா படுத்திருந்தாலும் வரும், நடந்தாலும் வரும். பளு தூக்குறதால வருதுன்னு இதுவரைக்கும் எங்கயும் தெரியல. காலுக்கு வலு வந்தா தானா எந்திரிக்கலாம், விழாம நடக்கலாம். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.”

“உங்க புள்ளையா இருந்தா தூக்க உடுவீங்களா?”

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஸ்கூட்டியில் ஊருக்கு வெளியே கடக்வாஸ்லா அணை வரை போய்வந்தாலே, வீடு திரும்புகிற வரைக்கும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பவள் நான். “வயித்தப் பெசையும். ஆனா விடுவேன்” என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்ப நீங்க பக்கத்துல நிக்கோணும். நீங்க நிக்காட்டி நா உடமாட்டேன்.”

இது எனக்கு வந்த சோதனை. கீழ்த்தளத்தில் நான் கால் வைத்தால், அங்கே தூக்கிக்கொண்டிருக்கும் மற்றவர்களையெல்லாம் பார்த்துவிடுவேன். அதற்கப்புறம் யாரையும் அளக்க எனக்குத் தகுதி கிடையாது. டாக்டரிடம் போய் நின்றேன். கதவை அறைந்தவள் மறுபடி வந்து நிற்கிறாளே என்று அவர் பார்த்தார். கடைசியில் ஒரு வழி சொன்னார். மற்றவர்கள் வருவதற்கு முன்னால், காலையில், அவளுக்கு மட்டும் தனியாக.

மழைக்காலம் வந்துவிட்டது. பார்வை முக்கால்வாசிக்கு மேல் திரும்பியிருந்தது, சிவப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது என்றாள். காலும் அந்தத் தாக்குதலிலிருந்து தேறியிருந்தது. நரம்பியல் டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் முதல் முறையாக நான் கீழ்த்தளத்துக்குள் நுழைந்தேன். ரப்பர் பாய் வாசனை, சுவர் முழுக்கக் கண்ணாடி, நடுவில் அந்த மெஷின். சாய்ந்து உட்கார்ந்து, எதிரே இருக்கிற தகட்டில் இரண்டு பாதத்தையும் வைத்து உதைத்துத் தள்ள வேண்டும்.

அவள் என்னைப் பார்த்து, “வாங்க” என்றாள். அவ்வளவுதான். கோபம் முழுசாக ஆறவில்லை. நானும் சமாதானம் பேசவில்லை.

பயிற்சியாளர் இருப்பதிலேயே குறைந்த எடையைச் செருகினார். அம்மா மெஷினை ஒட்டி, தகட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவர் அங்கே நிற்பேன் என்றால் யாரால் நகர்த்த முடியும்? மகள் கண்ணை மூடிக்கொண்டாள். வலது தொடை உதறியது. இதில் ஏதாவது ஆனால் அந்த அம்மா என்னை மட்டுமல்ல, இந்த ஜென்மத்தில் எந்த மருத்துவரையும் நம்பமாட்டார்.

தகடு நகர்ந்தது. மெல்லப் போய், மெல்லத் திரும்பியது. பயிற்சியாளர் மராத்தியில் எண்ணினார். மறுபடி போனது. எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் பார்த்தேன். அம்மாவின் உள்ளங்கை தகட்டின் ஓரத்தில் இருந்தது. சும்மா தொட்டுக்கொண்டிருப்பது போலத்தான் தெரிந்தது. ஆனால் முழங்கை விறைத்து, மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது. மகளோடு சேர்ந்து அவரும் தள்ளிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் அதைக் கவனிக்கவில்லை, மகளுக்கும் தெரியாது.

நான் போய் அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பயம். தலையை அசைத்து வேண்டாம் என்றார். நான் விடவில்லை. கையை மெதுவாகத் தகட்டிலிருந்து எடுத்து என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன். தகடு திரும்பி வந்து நின்றது. மகளின் முழங்கால் மடங்கியே இருந்தது. பயிற்சியாளர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். வெளியே மழைச் சத்தம். அவள் முகம் கோணியது, கழுத்து நரம்பு எழும்பியது. தகடு அசையவில்லை. என் கைக்குள் இருந்த கை வேர்த்து நழுவப் பார்த்தது, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அது நகர்ந்தது. தயங்கித் தயங்கி, கோணலாக, கடைசி வரைக்கும் போனது.

“நா புடிக்காமயே போகுதுங்” என்றார் அம்மா, என் காதோடு. அதில் சந்தோஷம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு துக்கமும் இருந்தது. தகடு திரும்பி வந்தது. மறுபடி போனது. அவர் என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். தகட்டின் பக்கம் கொண்டுபோகவில்லை. அப்படியே ரப்பர் பாயில் உட்கார்ந்து, தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மகள் கண்ணைத் திறந்தாள். “என்னம்மா? என்னாச்சு?”

“ஒன்னுமில்ல சாமி” என்றார் அவர், தரையில் உட்கார்ந்தபடியே. “நீ தள்ளு.”